பச்சைதான் சோறு போடுகிறது

கேள்வி: வெள்ளைத் திட்டுகளுடன் வாங்கிய மணி பிளாண்ட், ஆறு மாதத்தில் முழுப் பச்சையாகிவிட்டது. மறுபடி வெள்ளை வருமா? (வாசகி, தாம்பரம்)

இலையை விடுங்கள், தண்டைப் பாருங்கள். நுனியிலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தால், ஒரு கணுவில் மெல்லிய வெண்கோடு தட்டுப்படும். அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்து வரும் துளிரில் வெள்ளை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் ஒரே குருத்தில் கலந்திருப்பதுதான் இந்த நிறத்துக்குக் காரணம். உணவு தயாரிப்பது பச்சைப் பகுதி மட்டுமே; அதனால் அது முந்திக்கொள்கிறது. செடியை ஜன்னல் அருகே நகர்த்துங்கள். வெட்டிய பச்சைக் கொடியை எறிந்துவிடாதீர்கள், தண்ணீர் பாட்டிலிலேயே வேர் விடும்.

கேள்வி: என் மான்ஸ்டெரா ஆல்போவில் (வெள்ளைத் திட்டுகள் கொண்ட, பெரிய இலைக் கொடி) இலைகள் முழு வெள்ளையாக வருகின்றன. கொள்ளை அழகு! அப்படியே விடலாமா?

ஓர் இலை என்றால் ஆசை தீர ரசியுங்கள். தொடர்ந்து மூன்று வந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பச்சை கலந்த கணு வரை வெட்டத்தான் வேண்டும். வெள்ளை இலை செடிக்கு ஒரு பருக்கைகூடச் சமைத்துத் தராது.

கேள்வி: வெள்ளைப் பகுதியின் ஓரம் கருகுகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கிறேனே?

தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். என் செடியில் இதே கருகல் வந்தபோது, அங்கே சுண்ணாம்பு பூசியதுபோல் பொருக்குப் படிந்திருந்தது. எல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; அதில் உப்பு இன்னும் அதிகம், தயவுசெய்து வேண்டாம். மழைநீரைப் பிடித்து வைத்து, அடித்துளை வழியே நன்றாக வடியும்படி ஊற்றுங்கள். அடுத்த முறை, மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு போதும். மேற்கு ஜன்னலின் மாலை வெயிலும் வெள்ளையைச் சுட்டுவிடும். மெல்லிய திரை போடுங்கள். ஏற்கெனவே கருகிய இடம் தேறாது.

கேள்வி: வெள்ளை மான்ஸ்டெரா விதை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஆல்போவின் நிறம் விதை வழியே வருவதில்லை. கணுவுள்ள தண்டுத் துண்டாக வாங்குங்கள், அல்லது திசு வளர்ப்பில் (ஆய்வகத்தில்) உருவாகும் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ (Thai Constellation) என்ற மான்ஸ்டெரா வகையை வாங்குங்கள். அதன் நிறம் எளிதில் மாறாது. கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் செடியாகாது.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. ஆபத்தா?

எட்டாத உயரத்தில் வையுங்கள். சேப்பங்கிழங்கு கையை அரிக்குமே, மணி பிளாண்டும் மான்ஸ்டெராவும் அதே குடும்பம். கடித்தால் வாய் எரிந்து வீங்கும், குழந்தைகளுக்கும்தான்.

கேள்வி: கம்பம் அவசியமா?

இலை பெரிதாக வேண்டுமென்றால் அவசியம். மரமேறிய மணி பிளாண்டின் இலை முறம் அளவுக்கு விரிவதைப் பார்த்திருப்பீர்கள். தொங்கவிட்டால் உள்ளங்கை அளவைத் தாண்டாது. தென்னைநார்க் கம்பம் நட்டு, விழுது விடும் பக்கம் நாரைத் தொடும்படி தண்டைக் கட்டுங்கள். இலைக்காம்பைக் கட்டிவிடாதீர்கள். நார் ஈரமாக இருந்தால்தான் விழுது பற்றும்.