கூகுள் டாக்ஸில் நாலு பேர் போட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக டிக் செய்து மாளவில்லை. மொத்தமாக ஏற்க ஏதாவது கருவி உண்டா?

தனியாக எதையும் இறக்க வேண்டாம், டாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 'டூல்ஸ்' மெனுவில் 'ரிவ்யூ சஜஸ்டட் எடிட்ஸ்' என்பதை அழுத்துங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'அக்செப்ட் ஆல்', 'ரிஜெக்ட் ஆல்' இரண்டும் உண்டு. எல்லாவற்றையும் ஏற்றால் ஆவணம் எப்படி இருக்கும் என்று, ஏற்காமலேயே பார்க்கவும் அங்கே வழி இருக்கிறது. பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் உங்களுக்கு 'எடிட்டர்' உரிமை தரவில்லை என்று பொருள். 'கமென்டர்' உரிமை உள்ளவர் திருத்தம் சொல்லலாம், ஏற்க முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த 'அக்செப்ட் ஆல்' பொத்தானை நான் அழுத்துவது அபூர்வம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல்களுக்கு மொழிபெயர்ப்பும் டைப்பிங்கும் செய்து கொடுக்கிறேன். பாண்டியிலிருந்தும் வேலை வரும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்களில் நிலத்தின் அளவு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். நம்ம பக்கத்து ஆள் யாராவது பிழை திருத்த உட்கார்ந்தால், 'சென்டியார்' கண்ணில் பட்டதும் கை சும்மா இருக்காது. ஏதோ டைப்பிங் பிழை என்று நினைத்து 'சென்ட்' ஆக்கிவிடுவார். ஒரு சென்ட் என்பது கிட்டத்தட்ட 40.5 சதுர மீட்டர். வீட்டு மனை தோப்பாகிவிடும்! ஒற்றுப்பிழை, காற்புள்ளி என்று வரிசையாக வரும் திருத்தங்களுக்கு நடுவில் இதுவும் அதே நிறத்தில்தான் நிற்கும். எது புள்ளி, எது சொத்து என்று பொத்தானுக்குத் தெரியாது.

அதனால் முதலில் பிரித்துவிடுவேன், அதற்கு டாக்ஸை விட கணினியில் நிறுவிய வேர்டு வசதி. டாக்ஸ் ஆவணத்தை வேர்டு கோப்பாக இறக்கினால் பரிந்துரைகள் எல்லாம் 'டிராக் சேஞ்சஸ்' ஆகவே, அதாவது ஏற்கவோ நீக்கவோ காத்திருக்கும் திருத்தங்களாகவே வந்து சேரும். 'ரிவ்யூ' தாவலில் 'ஷோ மார்க்அப்' போய், 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்' என்பதில் ஒருவர் பெயரை மட்டும் விட்டு மற்ற டிக்கை எடுங்கள். பிறகு 'அக்செப்ட்' பொத்தானின் கீழ் அம்புக்குறியில் 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்'. கண்ணுக்குத் தெரிகிறவை மட்டும் ஏற்கப்படும், மறைந்தவை அப்படியே நிற்கும். 'ஷோ மார்க்அப்' மெனுவிலேயே 'ஃபார்மட்டிங்' மட்டும் தெரியும்படி வைத்து எழுத்துரு, இடைவெளி மாற்றங்களை ஒரே அடியாக ஏற்றுவிடலாம். பார்க்க வேண்டிய கூட்டம் அங்கேயே பாதியாகக் குறையும். நம்பிக்கையான பிழைதிருத்துநர் இருந்தால் அவர் பெயரையும் அப்படியே முடித்துவிடுவேன். பெயர், தொகை, தேதி, சர்வே எண், நான்கெல்லை இருக்கும் பத்திகளில் மட்டும் ஒவ்வொன்றாகத்தான் போவேன், அவசரம் என்று யார் தலைமேல் நின்றாலும் சரி.

தமிழ் ஆவணத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சிலர் பத்தியை வேறு எங்கோ கொண்டுபோய், பழைய எழுத்துருவில் அடித்து, யூனிகோடாக மாற்றி, திரும்ப ஒட்டுவார்கள். அப்போது பழைய பத்தி முழுக்க அடித்தும் புதிய பத்தி முழுக்கச் சேர்த்தும் காட்டும். உள்ளே மாறியது ஒரே ஒரு எண்ணாக இருக்கலாம், கண்டுபிடிக்க முடியாது. இதற்கு 'ரிவ்யூ' தாவலிலேயே இருக்கும் 'கம்பேர்' நல்லது: பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் கொடுத்தால் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் காட்டும். சொல் அளவில் காட்டச் சொல்லுங்கள். எழுத்து அளவில் விட்டால் கொம்பு தனி, கால் தனி என்று பிய்த்துப் போட்டுவிடும். அதிலும் 'கொ' போன்ற எழுத்தின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கோ வேறு வேறு. இரண்டும் ஒன்றே என்று நமக்குத் தோன்றும் இடத்தில் சிவப்புக் கோடு வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதுதான் காரணம்.

டாக்ஸிலேயே முடிக்கப்போகிறீர்கள் என்றால், 'அக்செப்ட் ஆல்' கொடுக்கும் முன் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் இப்போதைய நிலைக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது "நான் சொன்ன திருத்தம் எங்கே?" என்று கேட்டால் காட்டலாம்.

வேர்டில் திருத்தக் குறிகளை மறைக்கும் 'நோ மார்க்அப்' வைத்துப் பார்த்துவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று எதிர்தரப்புக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது திரைச்சீலை மட்டும்தான். வாடகை முதலில் எவ்வளவு என்று இருந்தது, யார் எப்போது குறைத்தார் என்பது வரை கோப்புக்குள் இருக்கும். ஏற்கவோ நீக்கவோ செய்தால்தான் போகும். அனுப்பும் முன், கோப்பில் மறைந்திருப்பதைத் தேடிக் காட்டும் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதற்கென்று யாரோ எழுதிய ஆட்-ஆன் (டாக்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) போடுவது பற்றிக் கேட்டால், நிறுவும்போது அது என்ன அனுமதி கேட்கிறது என்று படியுங்கள். உங்கள் டாக்ஸ் ஆவணங்கள் அத்தனையையும் பார்க்க, திருத்த, அழிக்க உரிமை கேட்டால், கட்சிக்காரர் பத்திரம் இருக்கும் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.