மாமியாரின் மூட்டுவலிக்கு ரெய்கி: அனுப்பலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. மூட்டுவலி, சரியான தூக்கமும் இல்லை. பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் குடியிருப்பில் ஒரு அம்மா ரெய்கி கற்றுத் தருகிறார். 'இரண்டு மாதத்தில் மாத்திரையைக் குறைத்துவிடலாம்' என்கிறார். ரெய்கி என்றால் என்ன? அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் மாத்திரையில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

ரெய்கி ஜப்பானில் தோன்றியது. 'கி' என்றால் உயிராற்றல். நம் ஊர் ஆசிரியர்கள் பிராணன் என்று விளக்குவார்கள். மிக்காவோ உசுயி என்பவர் 1922இல் கியோட்டோவுக்கு வடக்கே உள்ள குராமா மலையில் 21 நாள் விரதம் இருந்தபோது இந்த ஆற்றலை உணர்ந்தார் என்பது ரெய்கிக்காரர்கள் சொல்லும் வரலாறு. நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷி டோக்கியோவில் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு, 1935இல் ஹவாயிலிருந்து ஹவாயோ தகாத்தா நோயாளியாக வந்தார். குணமானதும் அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். மேற்கு நாடுகளுக்கு ரெய்கி போனது அவர் வழியாகத்தான். மாஸ்டர், அதாவது ரெய்கி ஆசிரியர் ஆவதற்கான பயிற்சிக்கு அவர் 10,000 டாலர் வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டணப் பேச்சு இன்று தொடங்கியதல்ல!

சிகிச்சை எளிமையானது. உடுத்திய உடையோடு படுத்துக்கொள்ள வேண்டும். தலை, தோள், வயிறு, முழங்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் கையை மெதுவாக வைப்பார்கள், அல்லது சற்று மேலே பிடிப்பார்கள். அழுத்துவதோ பிடித்துவிடுவதோ கிடையாது. கற்பதாக இருந்தால் முதல் நிலையில் 'தீட்சை' கொடுப்பார்கள், இரண்டாம் நிலையில் சில குறியீடுகள், தொலைவிலிருந்து ஆற்றல் அனுப்பும் முறை, அப்புறம் மாஸ்டர்.

சரி, அந்த ஆற்றல் உண்மையா? அளந்து காட்டியவர் இதுவரை யாருமில்லை. ரெய்கிக்கு நெருங்கிய உறவு 'தெரபியூடிக் டச்'. அதைச் செய்பவர்கள் அடுத்தவர் உடலின் ஆற்றலைத் தொடாமலே கையால் உணர முடியும் என்பார்கள். அதை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிகிச்சையாளர் இரண்டு கையையும் நீட்டியிருப்பார். நாணயம் சுண்டி, விழுந்தபடி ஒரு கைக்கு மேல் இவள் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். 21 பேர், 280 முயற்சிகள். சரியான விடை 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது.

ரெய்கியையே சோதித்ததும் உண்டு. உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 100 பேரில் சிலருக்கு நிஜ மாஸ்டர், சிலருக்கு மாஸ்டர்போல நடித்த நடிகர். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் வலியில் வித்தியாசமே இல்லை.

ஆனாலும் 'போய்வந்தால் நிம்மதியாக இருக்கிறது' என்று என்னிடம் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அடுப்படியும் செல்பேசியும் இல்லாமல், ஒருவர் கனிவாகத் தொட, அமைதியாகப் படுத்திருந்தால் யாருக்குத்தான் உடம்பின் இறுக்கம் தளராது? உங்கள் மாமியாருக்கு அப்படி ஒரு மணி நேரம் வீட்டில் கிடைக்கிறதா என்பதையும் யோசியுங்கள். அதனால் தூக்கம் கொஞ்சம் சீராகலாம். தேய்ந்த மூட்டு சரியாகாது. முழங்கால் வலி குறையத் தொடைத் தசை வலுப்பட வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, காலுக்குப் பத்து முறை. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த அம்மாவிடம் கட்டணம் மொத்தம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று இழுத்தால் நிறுத்திக்கொள்ளலாம். போட்டோவை அனுப்பினால் தொலைவிலிருந்தே குணமாக்குகிறேன் என்பவருக்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு மாதம் என்றுதானே சொன்னார்? மாத்திரையை விடாமல் தொடர்ந்து, மூன்றாவது மாதம் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். சர்க்கரை குறைந்திருந்தால் மாத்திரை அளவை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.