கலப்பு ரைஃபிள் வாங்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைப் பற்றியவை, அதாவது ஓர் அழுத்தலுக்கு ஒரு தோட்டா சுட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்பவை. அதிலும் ஏஆர் வகையின் (ஏஆர்-15 குடும்பம்) கீழ்ப்பாதியும், அதாவது ட்ரிகரும் மேகசினும் இருக்கும் பகுதியும், வேறொரு குடும்பத்து இயக்கமும் பேரலும் உள்ள மேல்பாதியும் சேர்ந்த கலப்பு ரகங்களைப் பற்றியே அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: இலக்குச் சுடுதலுக்காக, பயன்படுத்திய கலப்பு ரைஃபிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏஆர் கீழ்ப்பாதி, பிஸ்டன் மேல்பாதி. "இரண்டு ரகத்தின் நல்லதும் இதில் இருக்கிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நல்லது இருக்கிறது. இரண்டின் தொல்லைகளும் கூடவே வரும், அதை அவர் சொல்லமாட்டார்.

1950களில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆரில் தனிப் பிஸ்டன் தண்டு கிடையாது. பேரலிலிருந்து எடுக்கப்படும் வாயு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வந்து, போல்ட் கேரியருக்குள்ளேயே (தோட்டாவைப் பின்னிருந்து அடைக்கும் போல்டைச் சுமந்து ஓடும் உலோகத் துண்டு) விரிந்து அதைத் தள்ளும். எடை குறைவு, பேரல் மேல் சுமை இல்லை. ஆனால் கரியும் சூடும் உள்ளே வந்து சேரும். ஏகே (கலாஷ்னிகோவ்) ரகத்தில் நீளமான பிஸ்டன் கேரியரோடு சேர்ந்தே பின்னால் போய் வரும். ஏஆர்-18 ரகத்தில் (பெயரில் ஏஆர் இருந்தாலும் இயக்கம் வேறு) பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் நகரும். கேரியரை ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். ஸ்பிரிங்கும் மேல்பாதியிலேயே அடங்கிவிடுவதால் பின்னால் பஃபர் குழாய் (ஏஆரில் ஸ்பிரிங்கும் கேரியரின் பின்கோடியும் போய் வரும் குழாய்) தேவையில்லை, தோளில் வைக்கும் கட்டையை மடிக்கலாம்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் கலப்பு என்பதுதான். சிக் எம்சிஎக்ஸ், பிரவுனெல்ஸ் பிஆர்என்-180 போன்றவை ஏஆர்-18 வழியில் வந்தவை. ஃபேக்ஸன் ஏராக்-21 ஏகே பாணி நீள் பிஸ்டனை ஏஆர் கீழ்ப்பாதியில் உட்கார வைத்தது. மூன்றாவது வகை, சாதாரண ஏஆரையே எடுத்து வாயுக் குழாய்க்குப் பதில் பிஸ்டன் தண்டு பொருத்தியது. இந்த மூன்றாவதில்தான் கவனம் மிக அதிகம் வேண்டும். காரணம் அடுத்த பதிலில்.

"சுத்தமாக இருக்கும்" என்பதற்காக மட்டும் பிஸ்டன் ரைஃபிளுக்கு அதிக விலை தராதீர்கள். கரி எங்கும் போய்விடவில்லை. உள்ளே சேர வேண்டியது முன்னால் கேஸ் பிளாக்கில் (பேரலிலிருந்து வாயுவை எடுக்கும் துண்டு) சேர்கிறது. சுட்டு முடித்ததும் துடைத்து வைக்கும் இலக்குச் சுடுநருக்கு அதனால் பெரிய லாபமில்லை. பிஸ்டன், தண்டு, கனமான கேஸ் பிளாக் எல்லாம் முன்பக்கம் எடை கூட்டும். நின்று சுடும் பழக்கமுள்ளவர்கள் அதைச் சில நிமிடத்திலேயே தோளில் உணர்வார்கள். மடிக்கும் கட்டை வேண்டும், குட்டைப் பேரலிலும் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்றால் அது நியாயமான காரணம்.

கேள்வி: கையில் எடுத்ததும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். மேசை மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

இப்போது பின்களைத் தள்ளி மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரியுங்கள். சேர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவே லேசான ஆட்டம் இருந்தால் பலர் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தேவையற்ற பயம். பேரலும் ஸ்கோப்பும் மேல்பாதியிலேயே இருக்கின்றன. கீழ்ப்பாதி கொஞ்சம் ஆடினால் குறி மாறாது. கோளாறு இருந்தால் அது இரண்டு வடிவமைப்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் இருக்கும்.

பிஸ்டன் பொருத்தப்பட்ட ஏஆர் என்றால், கேரியர் சாய்வு என்ற நோய் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஆர் கேரியர் தன் நடு அச்சிலேயே வாயு அழுத்தம் வாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பிஸ்டன் தண்டோ அதன் தலைமேல் அடிக்கிறது. மேலே அடி விழுந்தால் பின்கோடி கீழே அழுந்தும், பஃபர் குழாயின் வாயோரத்தில் இடிக்கும். எஃகு கேரியர், அலுமினியக் குழாய், தேய்வது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. டார்ச் அடித்து, குழாயின் முன்வாயில் கீழ் உதட்டைப் பாருங்கள். பளபளவென்று உரசல் மட்டும் இருந்தால் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது மாட்டும் அளவுக்குப் பள்ளமோ, அலுமினியம் சுருண்டு நிற்பதோ தெரிந்தால் வேண்டாம். இதைத் தடுக்கத்தான் பல தயாரிப்பாளர்கள் கேரியரின் பின்பக்க அடியில் தடித்த பட்டை வைத்தார்கள். அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது தண்டு கேரியரை அடிக்கும் முகம். இரண்டு பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும். தண்டின் நுனி காளான் மாதிரி விரிந்திருந்தால் வாயு அளவுக்கு மீறி வருகிறது, அல்லது உலோகத்தின் பதம் சரியில்லை. அந்த முகம் தனித் துண்டாக ஸ்குரு போட்டு மாட்டப்பட்டிருந்தால் ஸ்குருக்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வார்ப்பில் செய்த கேரியருக்கு இந்தக் கவலை இல்லை.

போல்டைக் கழற்றி, துடைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஏஆர் பாணி போல்டில் விரிசல் விடும் இடங்கள் இரண்டு: பூட்டும் பற்களின் அடி, போல்டைச் சுழற்றும் கேம் பின் போகும் துளையின் ஓரம். முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் அந்தப் போல்ட் முடிந்தது. எக்ஸ்ட்ராக்டரின் (காலி உறையைப் பிடித்து இழுக்கும் உறுப்பு) கொக்கி மழுங்கியிருந்தால் அது சில்லறைச் செலவு, அதற்காக வியாபாரத்தை முறிக்க வேண்டாம்.

கேஸ் பிளாக்கைக் கையால் முறுக்கிப் பாருங்கள், இம்மியும் நகரக் கூடாது. ரெகுலேட்டரை (வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு) உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். கரி பிடித்து இறுகிப்போன ரெகுலேட்டர், "ரொம்பக் குறைவாகத்தான் சுட்டிருக்கிறேன்" என்ற பேச்சைப் பொய்யாக்கிவிடும்.

கேள்வி: ட்ரிகரும் சேஃப்டியும் சரியாக வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். இரண்டு பாதியையும் சேர்த்து மாட்டிய பிறகு செய்யுங்கள். மேல்பாதி இல்லாமல் ஹேமரை (தோட்டாவைப் பற்றவைக்க அடிக்கும் சுத்தியல்) விழவிட்டால் அது கீழ்ப்பாதியின் உலோகத்திலும் போல்ட் கேட்சிலும் போய் மோதும்.

ரைஃபிள் காலி என்பதை மறுபடி உறுதி செய்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். போல்டை இழுத்துவிட்டு சேஃப்டியைப் போடுங்கள். ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள், ஹேமர் விழக் கூடாது. இப்போது ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள், அப்போதும் விழக் கூடாது. இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து ட்ரிகரை அழுத்துங்கள், ஹேமர் விழும். விரலை எடுக்காமல் அழுத்தியபடியே போல்டை இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரை மெதுவாக விடுங்கள். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், ஹேமர் விழக் கூடாது. மறுபடி அழுத்தினால் விழ வேண்டும். ஐந்தாறு முறை செய்யுங்கள், ஒருமுறை தவறினாலும் வாங்காதீர்கள். ட்ரிகரை விடும்போது ஹேமர் விழுந்தால், ட்ரிகரை விடும்வரை ஹேமரைப் பிடித்து வைக்கும் டிஸ்கனெக்டர் பழுது. ஒரே அழுத்தலில் இரண்டு தோட்டா போகும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. விலை குறைத்து வாங்கிப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கேள்வி: பேரலில் 5.56 என்று இருந்தால் 223 ரெமிங்டன் போடலாமா? 300 பிளாக்அவுட் பேரலும் சேர்த்துத் தருகிறார்களாம்.

5.56 நேட்டோ சேம்பரில் 223 ரெமிங்டன் தாராளமாகப் போடலாம். தலைகீழாகச் செய்யாதீர்கள். வெளி அளவில் இரண்டு தோட்டாவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 5.56 சேம்பரில் குண்டு வரிப்பள்ளத்தை (குண்டைச் சுழற்ற குழலுக்குள் வெட்டிய பள்ளம்) தொடும் முன் போகும் தூரம் அதிகம். 223 சேம்பரின் குறுகிய தொண்டையில் (சேம்பருக்கும் வரிப்பள்ளத்துக்கும் நடுப்பகுதி) 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எகிறும். 223 வைல்ட் என்று பொறித்திருந்தால் இரண்டும் போகும். கீழ்ப்பாதியில் இருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், பேரலில் பொறித்திருப்பதுதான் கணக்கு.

300 பிளாக்அவுட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அதற்கும் அதே மேகசின், அதே போல்ட். அந்தத் தோட்டா சில சமயம் 223 சேம்பரிலும் நுழைந்துவிடும். 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழலுக்குள் போக வழியில்லை, ரைஃபிள் வெடிக்கும். இரண்டு பேரலும் வாங்கினால் மேகசின்களை வேறு வேறு நிறத்தில் வையுங்கள். இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே நாளில் ஒரே பையில் எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: பேரல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளவி வாங்க வேண்டுமா?

சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி குழலுக்குள் நோக்குங்கள். உள்ளே தெரியும் வெளிச்ச வளையங்கள் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கருத்த வளையம் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். குழல்வாயின் விளிம்பில் பஞ்சைத் தடவுங்கள், நார் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. தொண்டைத் தேய்வு வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) கிடைத்தால் பாருங்கள், இல்லையென்றால் சுட்டுத்தான் தெரிய வேண்டும்.

வரிப்பள்ளத்தின் சுழற்சி பொறிக்கப்படவில்லையா? கைப்பிடி சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணி மாட்டித் தள்ளுங்கள். கம்பி ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ அதுதான் அளவு. 223இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டோடு நிற்க வேண்டியதுதான். 77 கிரெய்ன் குண்டு சுட 8 அல்லது 7 அங்குலச் சுற்று வேண்டும்.

ஹெட்ஸ்பேஸ் அளவியை ஒருமுறைக்காக வாங்க வேண்டாம், துப்பாக்கிப் பழுதுநரிடம் கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, 308 வின்செஸ்டர் தோட்டாவில் கோ அளவி (போல்ட் இதன்மேல் மூட வேண்டும்) 1.630 அங்குலம், நோ-கோ (மூடக் கூடாது) 1.634, ஃபீல்ட் (கடைசி எல்லை) 1.638. ஒவ்வொன்றுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை. போல்டிலிருந்து எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும் (உறையை வெளியே தெறிக்கவிடும் உறுப்பு) கழற்றிவிட்டு, விரலால் மெதுவாக மூடிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வேகத்தில் அறைந்து மூடினால் அளவும் பொய், அளவியும் பாழ். போல்ட் மாற்றப்பட்ட ரைஃபிள் என்றால் இந்தச் சோதனை இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: சுட்டுப் பார்க்க அனுமதித்தால் எத்தனை தோட்டா, எப்படி?

நாற்பது போதும். ஆனால் திட்டத்தோடு சுடுங்கள்.

முதல் ஐந்தை, மேகசினில் ஒன்று ஒன்றாகப் போட்டுச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வாயு போதவில்லை, அல்லது மேகசின் கோளாறு. மேகசினை மாற்றிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

அடுத்து, 100 மீட்டரில் தாங்கு மேசையில் வைத்து, நிதானமாக, ஒரே குறியில் பத்து. விற்பவர் போனில் காட்டும் மூன்று ஓட்டைப் படத்துக்கு மதிப்பே கிடையாது. மூன்று குண்டு தற்செயலாகவும் ஒட்டி விழும். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, குண்டுகள் பரவும் அளவைச் சொல்லப் பயன்படும்; 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ என்பது 29 மில்லிமீட்டர். நல்ல போட்டித் தோட்டாவில் பத்து குண்டு ஒன்றரை எம்ஓஏவுக்குள், அதாவது சுமார் 44 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் இந்த ரகத்துக்கு அது நல்ல பேரல். சூடு ஆறிய பின் இன்னொரு பத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுடுங்கள். குழல் சூடாகச் சூடாக ஓட்டைகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் பேரலை ஏதோ அழுத்துகிறது. கனமான கேஸ் பிளாக் தொங்கும் பிஸ்டன் ரகங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பேரலைக் கழற்றி மாட்டும் வசதி இருந்தால் ஐந்து சுட்டு, கழற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் மாட்டி, மறுபடி ஐந்து சுடுங்கள். குறி எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி ஐந்தை ரெகுலேட்டரின் மற்ற நிலைகளில் சுடுங்கள். காலி உறைகளை எல்லாம் பொறுக்குங்கள், ரைஃபிளின் ஜாதகம் அதில்தான் எழுதியிருக்கிறது. விளிம்பு கிழிந்திருந்தாலும் அடிப்பாகத்தில் பித்தளை இழுபட்டிருந்தாலும் வாயு அதிகம், அழுத்தம் இறங்கும் முன்பே போல்ட் திறக்கிறது. அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே சுற்றிலும் பளிச்சென்று வளையம் தெரிந்தால் உறை இழுபடுகிறது, ஹெட்ஸ்பேஸை உடனே பாருங்கள். கழுத்தில் சின்ன நசுங்கல் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். உறை தெறிக்கும் திசையை வைத்து வாயு அளவைச் சொல்லும் ஏஆர் கணக்கு கலப்பு ரகங்களில் அப்படியே பொருந்தாது, உறையை வெளியே தள்ளும் அமைப்பின் வடிவம் வேறு. எல்லா உறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: தோட்டாவை ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்தால் பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடி வாங்கிப் பற்றவைக்கும் மூடி) சின்னப் புள்ளி விழுந்திருக்கிறது. பழுதா?

இல்லை. ஏஆர் பாணி போல்டில் ஃபயரிங் பின்னை (பிரைமரைக் குத்தும் ஊசி) பொதுவாக ஸ்பிரிங் பிடித்து வைப்பதில்லை. போல்ட் மூடும் வேகத்தில் பின் முன்னால் வந்து லேசாக முத்தமிடும். ஆனால் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள். மென்மையான பிரைமர் உள்ள தோட்டாக்களையும் தவிருங்கள்.

கேள்வி: ஏஆர் உதிரிபாகம் எல்லாம் பொருந்தும் என்கிறார்களே?

ட்ரிகர், பிடி, மேகசின் பொருந்தும். பிஸ்டன், தண்டு, அதன் ஸ்பிரிங், கேஸ் பிளாக், பெரும்பாலும் கேரியர், சிலவற்றில் போல்ட்கூட அந்த நிறுவனத்துடையது மட்டும்தான். தயாரிப்பு நின்றுபோன மாதிரி என்றால், வாங்கும் அன்றே உதிரிப் போல்ட் ஒன்றும் பிஸ்டன் ஸ்பிரிங் ஒன்றும் கையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் விலையை அதற்கேற்ப இறக்கிக் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடமிருந்து வாங்கி வரலாமா?

ரைஃபிளைப் பார்க்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டன் 1988இல் சென்டர்ஃபயர் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்தது. 1996இல் ஆஸ்திரேலியாவும் 2019இல் நியூசிலாந்தும் கடுமையாகக் கட்டுப்படுத்தின. 2020இல் கனடா ஏஆர்-15 உள்ளிட்ட பல மாதிரிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாட்டில் உரிமத்தோடு வைத்திருப்பது இன்னொரு நாட்டில் சிறைக்குரிய குற்றமாகலாம். உரிமம் தரும் அலுவலகத்திடம் மாதிரிப் பெயர், தோட்டா அளவு, மேகசின் கொள்ளளவு மூன்றையும் எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.