சர்க்கரை சேர்க்காத பார்பிக்யூ சிக்கன்: வாசகர் கேள்வி பதில்

கே: ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) நெஞ்சுக்கறி ஒரு கிலோ போட்டு, கடையில் வாங்கிய பார்பிக்யூ சாஸ் ஒரு கப், தண்ணீர் அரை டம்ளர் ஊற்றி 'லோ'வில் ஆறு மணி நேரம் வைத்தேன். கறி வறண்டுவிட்டது, சாஸ் ரசம் மாதிரி ஓடுகிறது. மாவுச்சத்தையும் (கார்போஹைட்ரேட்) குறைக்க நினைக்கிறேன். எப்படிச் செய்வது?

ப: தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஸ்லோ குக்கரில் எழும்பும் ஆவி மூடியில் படிந்து திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டும், எதுவும் வற்றாது. போதாததற்குக் கோழியும் நிறைய நீர் விடும். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அது வெந்துவிட்டது. அதற்குமேல் வைக்க வைக்க நார் சுருங்கிச் சாறு வெளியேறிவிடும். குழம்பில் மூழ்கிக் கிடந்தாலும் வறளத்தான் செய்யும். அதையே செய்வதானால் 'லோ'வில் மூன்று மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். எங்கள் சிபாரிசு தொடைக்கறிதான். அதிலுள்ள சவ்வு 80 டிகிரிக்குமேல் மெல்லக் கரைந்து பசையாகும். பிய்க்கும்போது கறி ஈரமாக, இழை இழையாக வரும்.

அடுத்தது சாஸ். கடைகளில் அதிகம் கிடைப்பது அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி பாணி: தக்காளி, மொலாசஸ் (கருப்பான கரும்புப்பாகு), சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டியிலேயே 12 முதல் 16 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஒரு கப் சாஸ் என்றால் மாவுச்சத்து 96 முதல் 128 கிராம். அதன் கெட்டியும் பளபளப்பும் பெரும்பாலும் சர்க்கரை தருவதுதான். ஆகவே சர்க்கரையை எடுத்தால், சாஸை வற்றவைத்துத்தான் கெட்டியாக்க வேண்டும்.

ஆறு பேருக்கான அளவு இது. தோலும் எலும்பும் நீக்கிய தொடைக்கறி ஒரு கிலோ வாங்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு ஒன்றரை தேக்கரண்டி, ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்த்தூள்) இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள், கடுகுத்தூள், பூண்டுப்பொடி தலா ஒரு தேக்கரண்டி, சீரகத்தூள் அரை தேக்கரண்டி எல்லாம் கலந்து தடவுங்கள். தக்காளி பேஸ்ட் நான்கு மேசைக்கரண்டி, ஆப்பிள் சிடர் வினிகர் மூன்று, வூஸ்டர்ஷயர் சாஸ் ஒன்று, வெண்ணெய் ஒன்று, பொடித்த எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டி) இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக் குழைத்து, கறிமேல் பூசி மூடுங்கள். பேஸ்டுக்குப் பதில் கெட்சப் ஊற்றாதீர்கள். அதில் சர்க்கரை உண்டு. 'லோ'வில் நான்கு முதல் ஐந்து மணி, 'ஹை'யில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நடுவே மூடியைத் திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்குமேல் ஆகும்.

முள்கரண்டியைக் குத்தித் திருகினால் கறி எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும், அதுதான் பதம். கறியைத் தனியே எடுத்துப் பிய்த்து வையுங்கள். மிச்சமிருக்கும் சாறு முழுவதையும் அகலமான கடாயில் ஊற்றி, பெரிய தீயில் வற்றவிடுங்கள். முதலில் குமிழிகள் சின்னதாக, நுரையாக வரும். வற்ற வற்றப் பெரிதாகி 'ப்ளக் ப்ளக்'கென்று உடையும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கி, இன்னொரு மேசைக்கரண்டி வினிகர் விட்டுக் கறியைப் புரட்டுங்கள். உப்பை அப்போது சரிபாருங்கள். முன்பே போட்டால் வற்றியதும் கரித்துவிடும். இப்படிச் செய்தால் ஒருவருக்குத் தோராயமாக நான்கு கிராம் மாவுச்சத்து.

கே: சுட்ட வாசனையே வரவில்லையே?

ப: வராது. கறி சிவக்க 140 டிகிரிக்குமேல் உலர்ந்த சூடு வேண்டும்; ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது. சாஸில் புரட்டிய கறியைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, அவனின் மேல்கம்பிச் சூட்டில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள், ஓரங்கள் கருகத் தொடங்கும்வரை. அவன் இல்லையா? இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டுப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். கிளறினால் நீர்தான் விடும், சிவக்காது.

கே: நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்க்கலாமா?

ப: மாவுச்சத்துக் கணக்கில் இரண்டும் சர்க்கரைதான்.

கே: எரித்ரிட்டால் போட்ட சாஸ் மறுநாள் நறநறவென்கிறதே?

ப: சூட்டில் கரைந்தது குளிரில் மறுபடி படிகமாகிறது. சூடாக்கினால் கரைந்துவிடும். குளிர்ச்சியாகவே சாப்பிடுவதானால் எரித்ரிட்டாலைப் பாதியாக்கி, மீதி இனிப்புக்குச் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைத் திரவமாக வாங்கிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பொடி வகைகள் பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும், அதுவும் மாவுச்சத்தே. சைலிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டியைப் பயன்படுத்தும் வீட்டில் நாய் இருந்தால் மிச்சத்தை அதற்கு வைக்கவே வைக்காதீர்கள். சிறிதளவும் நாய்க்கு நஞ்சு.

கே: ஃப்ரீசரிலிருந்து அப்படியே போடலாமா? நடுவில் கரண்ட் போனால்?

ப: உறைந்த கறியைப் போடவே கூடாது. சூடு மெல்ல ஏறும் பாத்திரம் இது. 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகள் பெருகும், உறைந்த கறி அங்கேயே வெகுநேரம் நிற்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். கரண்ட் போகும்போது வீட்டில் இருந்தால் உடனே கடாய்க்கு மாற்றி அடுப்பில் வேகவையுங்கள். பீங்கான் பாத்திரத்தை அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள், வெடித்துவிடும். வெளியே போயிருந்து, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாவிட்டால், வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

கே: அப்பா இன்சுலின் போடுகிறார். இதையே இரவு உணவாக்கலாமா?

ப: மருத்துவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தளவை அப்படியே வைத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரை நோய் மாத்திரைகள் சிலவற்றுக்கும் இது பொருந்தும்.

கே: தக்காளியே இல்லாத பார்பிக்யூ சாஸ் உண்டா?

ப: உண்டு, நல்ல சாஸும்கூட. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் டிகேட்டர் ஊரில் பாப் கிப்சன் 1925-ல் செய்ததாகச் சொல்லப்படும் வெள்ளை சாஸ். மயோனைஸ் ஒரு கப், வினிகர் கால் கப், மிளகு இரண்டு தேக்கரண்டி, கடுகு பேஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு, அடித்தால் முடிந்தது. குக்கருக்குள் ஊற்றாதீர்கள், திரிந்து எண்ணெய் பிரியும். சுட்டெடுத்த கறிமேல் கடைசியில் ஊற்றுங்கள். முட்டையில்லாத மயோனைஸ் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரை இருக்கும்.