ஆபீஸைக் காலி செய்யும் முன் டோக்கன்களை எண்ணுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறோம், 14 பேர். பாதிப் பேர் பவானி, கோபி, பெருந்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றப்போகிறார். ஏப்ரலிலிருந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று பார்ட்னர் ஒற்றைக்காலில் நிற்கிறார். என்னென்ன வாங்க வேண்டும்? ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாங்குகிற பட்டியலை அப்புறம் போடலாம். முதலில் ஒருநாள் முழுக்க ஆபீஸ் நடுவில் ஒரு நோட்டோடு உட்காருங்கள், யார் எத்தனை தடவை எழுந்து இன்னொருவர் மேஜைக்குப் போகிறார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். "அண்ணே, மஞ்சள் மண்டிக்காரர் பேங்க் ஸ்டேட்மென்ட் வந்துச்சா?" "இந்த பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தப்பா இருக்கு, போடட்டுமா விடட்டுமா?" உங்கள் ஆபீஸ் ஓடுவது இந்தக் குரல்களில்தான், இவை எங்கேயும் எழுத்தில் இல்லை. இப்படியே வீட்டுக்கு அனுப்பினால் அத்தனையும் போன் அழைப்பாக மாறி, விவரம் தெரிந்த அந்த ஒரு சீனியரின் தலையில் விழும், ஒரு வாரத்தில் அவர் போனை எடுக்க மாட்டார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நானே பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் அவசரத்துக்கு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவை பென்டிரைவில் காப்பி போட்டு மூன்று பேரிடம் கொடுத்தோம், சரி என்றுதான் தோன்றியது. ஜூலையில் பார்த்தால் ஒரே பார்ட்டிக்கு மூன்று பாக்கித்தொகை, எது நிஜம் என்று கண்டுபிடிக்க மூன்று பேரும் மாஸ்க்கோடு ஒரே அறையில் உட்கார வேண்டியதாயிற்று! ஆகவே டேட்டா ஒரே இடத்தில் இருக்கட்டும், ஆபீஸ் சர்வரோ கிளவுடோ, எல்லோரும் அதற்குள் போய் வேலை செய்யட்டும். ஆபீஸ் சர்வர் என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை இல்லாமல், வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள், மொத்த டேட்டாவையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறவர்கள் அடிக்கடி நுழைவது அந்த வாசலில்தான்.

அப்புறம் டிராயர். ரப்பர் பேண்ட் போட்ட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், அதாவது கிளையன்ட்டின் கையெழுத்தை ஆன்லைனில் போடப் பயன்படும் யுஎஸ்பி குச்சிகள், உங்களிடமும் இருக்கும் என்றே நினைக்கிறேன். முறைப்படி அவை கிளையன்ட்டிடம் இருக்க வேண்டியவை, அவற்றைப் பங்கு போட்டுப் பவானிக்கும் கோபிக்கும் கொடுத்தனுப்புவது வம்பு. உரியவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஓடிபி யார் போனுக்கு வருகிறது, அவர் எத்தனை மணிக்கு எடுப்பார் என்பதையும் பார்ட்டி வாரியாகக் குறித்து வையுங்கள்.

ஆட்களைக் கண்காணிக்க நிமிடத்துக்கொரு முறை ஸ்கிரீனைப் படம் பிடிக்கும் சாஃப்ட்வேர் விற்க யாராவது வருவார்கள், வேண்டாம். மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் தொழிலில் வேலை தானாகவே தெரியும்: 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டியாயிற்றா, 11இல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) போனதா, 20இல் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் கணக்கு) போனதா. பார்ட்டி பெயர், பொறுப்பாளர், எதற்காகக் காத்திருக்கிறது என்று மூன்று நெடுவரிசை போட்ட ஒரு ஷீட்டை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். மேஜைக்கு மேஜை கேட்ட கேள்வியெல்லாம் இனி அங்கே எழுதப்பட வேண்டும், முதலில் எழுத வேண்டியவர் நீங்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால்சென்டரில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு ஒன்பது மாதம் சோதித்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள், ஆனால் முடிந்ததும் அவர்களில் சுமார் பாதிப் பேர் தனிமை தாங்காமல் ஆபீஸுக்கே திரும்பினார்கள். அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது: வேலை குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்களுக்கு இதுதான் பொருந்தும். ஒரு மாதம் 21ஆம் தேதி தொடங்கி நான்கு பேரை வைத்துப் பாருங்கள், ஆடிட் நெருக்கடி இருக்கும் செப்டம்பர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

யார் வீட்டில் உட்கார இடம் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள், குறிப்பாகப் பெண்களிடம். "வீட்லதானே இருக்க, மூணு விசில் வந்தா குக்கரை அணைச்சிடு" என்று தொடங்கி மாமனார் மாத்திரை வரை வந்து நிற்கும், ஆபீஸே நிம்மதி என்று சிலர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

வாடகை விஷயத்தில், முழுதாகக் காலி செய்யாமல் பாதி இடத்தைக் கேட்டுப் பேசுங்கள். ஒரு லாக்கர், சர்வர், யுபிஎஸ், ஆறு மேஜை போதும். மின்வாரியத்தின் மாதாந்தர ஷட்டவுன் அன்று பவானிக்காரர்கள் வந்து உட்கார ஓர் இடம் வேண்டுமே.