பால்மரப் பதிவுகளுக்கு ஒரு புத்தகம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். செம்பனை நடுவதற்காகப் பால்மரங்களை வெட்டப் போகிறார்கள். அதற்கு முன் பட்டையில் தாளை வைத்துக் கரிக்கட்டியால் தேய்த்து 40 பதிவுகள் எடுத்தோம். அங்கே பட்டையைச் சீவிப் பால் எடுத்த 14 அம்மாக்களின் பேச்சும் இருக்கிறது. கண்காட்சியோடு 150 பிரதி புத்தகமும் போடுகிறோம். பளபளப்பான ஆர்ட் தாளில், ஒவ்வொரு பதிவையும் இரண்டு பக்கம் முழுக்கப் பரப்பலாம் என்பது எங்கள் எண்ணம். சரிவருமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஆர்ட் தாள் வேண்டாம். கரியின் சொரசொரப்புதான் உங்கள் பதிவுகளின் உயிர்; பளபளப்பில் விளக்கு வெளிச்சம்தான் தெரியும். பூச்சில்லாத, சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள தாள் போதும். அதில் கருமை அடைத்துக்கொள்ளும் என்பதால் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புங்கள். ஸ்கேன் எடுக்குமுன் கரி உதிராமலிருக்க ஃபிக்சட்டிவ் தெளியுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி (டிபிஐ), சாம்பல் நிறப் பதிவாக. வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பட்டையின் மெல்லிய கோடுகள் போய்விடும்.

இரண்டு பக்கம் பரப்புவதில்தான் சிக்கல். பால் எடுக்கப் பட்டையில் உளி போன தடம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும். சரிந்த கோடு நடுமடிப்பைக் கடக்கும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். பசை வைத்து ஒட்டிய புத்தகம் மடிப்புப் பக்கத்தில் சில மில்லிமீட்டரை விழுங்கியும் விடும். ஆகவே நூல் தையல். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிய 16 பக்கக் கட்டு ஆறு, மொத்தம் 96 பக்கம். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் மட்டும் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளில் சேர்ந்து வரும்: 8-9, 24-25, 40-41, 56-57, 72-73, 88-89. ஆறு பதிவுகளை அங்கே பரப்புங்கள். மீதி 34 பதிவுக்கும் ஆளுக்கொரு பக்கம். பேச்சுக்கும் மற்றவற்றுக்கும் 50 பக்கம் மிஞ்சும். அம்மாக்களின் பேச்சை எழுத்துத் தமிழாக்காதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுப்பதை அவர்கள் சொல்லும் 'பெரட்டு' பெரட்டாகவே இருக்கட்டும்.

150 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ஆனால் அதன் மைத்தூளான டோனர் தாளுக்குள் ஊறாது, மேலே படிந்து நிற்கும். அடர்த்தியான கறுப்பு மடிப்பில் வந்தால் வெடித்து வெள்ளைக் கோடு விழும். நடுவில் கரி மெலிந்த பதிவுகளாகப் பார்த்து அந்த ஆறையும் தேர்ந்தெடுங்கள். மடிக்குமுன் மடிப்புத் தடம் போடச் சொல்லுங்கள்.

தாளின் நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். மாறினால் நம்மூர் ஈரக்காற்றில் பக்கமெல்லாம் அலை அலையாக நெளியும். இரண்டு வாக்கிலும் மடித்துப் பாருங்கள். சுலபமாக மடிவது நாரின் வாக்கு. 170×240 மி.மீ. புத்தகத்துக்கு எஸ்ஆர்ஏ3 (320×450 மி.மீ.) தாளில் நார் குறுக்கே ஓட வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நீளவாக்கில் ஓடுவது, அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதே தாளில் வெற்று மாதிரி ஒன்று தைத்து வாங்கி, முதுகை அளந்த பிறகே அட்டை வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போடாவிட்டால் தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

புத்தக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு மலேசியத் தேசிய நூலகத்தில் விண்ணப்பியுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதிகள் அங்கே கொடுக்க வேண்டும். அம்மாக்களுக்கு 14. இந்த 19-ஐயும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள், விற்பனைக்கு 131தான்.