கணக்குக் கேள்வி-பதில்: கையிருப்பும் அசமன்பாடும்

கேள்வி: செலவுக் கணக்கைச் சமன்பாடாகவே எழுதலாமே, அசமன்பாடு (= குறிக்குப் பதில் ≤ அல்லது ≥ குறி வருவது) எதற்கு?

பதில்: சமன்பாடு போட்டால் பணம் கடைசிக் காசு வரை தீர்ந்தாக வேண்டும் என்று பொருள். நமக்கு வேண்டியது அதுவல்ல. வரம்பைத் தாண்டக் கூடாது, மிஞ்சினால் நல்லது. ஒரு பயிற்சி வகுப்புக்கு இடவாடகை 350, ஆளுக்குச் செலவு 120, கையில் 2000. வருவோர் எண்ணிக்கை x என்றால் 350 + 120x ≤ 2000, அதாவது x ≤ 13.75. பதின்மூன்று பேர்தான். பழக்கதோஷத்தில் 14 என்று முழுதாக்கினால் செலவு 2030 ஆகிவிடும். ஆனால் மாதம் 750 சேமித்து 10000-ஆவது சேர்க்க எத்தனை மாதம் என்றால் 750m ≥ 10000, m ≥ 13.33...; இங்கே 14 மாதம். கீழே இறக்குவதா மேலே ஏற்றுவதா என்பதைக் குறிதான் சொல்கிறது, தசமப் பகுதி அல்ல.

கேள்வி: அதே கணக்கை 2000 − 120x ≥ 350 என்று எழுதினேன். x ≥ 13.75 என்று வருகிறதே?

பதில்: −120x ≥ −1650 வரை சரி. குறை எண்ணால் வகுக்கும்போது குறியைத் திருப்ப வேண்டும்: 2 < 5, ஆனால் −2 > −5. மறந்துவிடும் என்றால் 120x-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் 1650 ≥ 120x என்று எழுதுங்கள். குறை எண்ணே வராது. முடிந்ததும் x = 0 போட்டுப் பாருங்கள். ஆளே வராவிட்டால் பணம் போதும். உங்கள் விடை அதை மறுக்கிறது.

கேள்வி: 10% வரி உண்டு, கையில் 1000. விலை 900-க்குள் இருந்தால் போதுமா?

பதில்: போதும், ஆனால் வரம்பு அதுவல்ல. வரி விலையின் மேல் விழுகிறது, கையிருப்பின் மேல் அல்ல. 1.1p ≤ 1000, எனவே p ≤ 909.09.

கேள்வி: இரண்டு வகைப் பொருள் வாங்கும்போது?

பதில்: உயர்ந்த வகை 60, சாதா வகை 45, கையில் 900, மொத்தம் குறைந்தது 16 வேண்டும் என்போம். உயர்ந்த வகையில் x, சாதா வகையில் y வாங்கினால் 60x + 45y ≤ 900, x + y ≥ 16. x, y குறை எண்ணாகாது என்பதையும் எழுதிவிடுங்கள். வரைபடத்தில் முதல் நிபந்தனையின் கோடு (60x + 45y = 900) x அச்சை 15-லும் y அச்சை 20-லும் வெட்டும். (0, 0) முதல் நிபந்தனைக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது; அதை வைத்தே எந்தப் பக்கத்தை நிழலிடுவது என்று தெரிந்துவிடும். இரு நிபந்தனைகளின் கோடுகள் சந்திப்பது (12, 4)-இல்; அது நிழலிட்ட பகுதியின் ஒரு மூலை. உயர்ந்த வகையில் அதிகபட்சம் 12 வாங்கலாம். இப்படி மிகச் சிறந்த விடை ஒரு மூலையில் கிடைப்பதால்தான் 1947-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை (இத்தகைய நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் வழி) மூலைக்கு மூலை நகர்கிறது.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். கையிருப்பு 890 என்றால் மூலை (11.33, 4.67). செலவு வரம்புதானே என்று இரண்டையும் கீழே இறக்கினால் (11, 4); மொத்தம் 15, ஒன்று குறைகிறது. (11, 5) எடுத்தால் செலவு 885, மொத்தம் 16. மூலை பின்னமாக வந்தால் சுற்றியுள்ள முழு எண் புள்ளிகளை எல்லா நிபந்தனைகளிலும் போட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.